சரிவில் ஓடும் புல்வெட்டி ரோபோ: மோதலை உணர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாகப் புல்வெட்டி ரோபோ கட்டும் ஒருவர் அண்மையில் தம் இயந்திரத்தின் பதிவுகளை எனக்குக் காட்டினார். ஏறும்போது காரணமின்றி நின்று நின்று போனதாகவும், மோதல் என்று கொள்ளும் மின்னோட்ட வரம்பை உயர்த்தியதும் எல்லாம் சரியாகிவிட்டதாகவும் மகிழ்ச்சியோடு சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே மகிழ்ச்சியில் இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். கம்பி கழன்றது, பம்பர் சுவிட்சில் மண் புகுந்தது போன்றவற்றை யாரும் தாமே கண்டுபிடித்துக்கொள்வார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழுக்காட்டையும் பாகையையும் குழப்புவது

35 விழுக்காடு சரிவு, அதாவது 100 மீட்டர் கிடைத்தொலைவுக்கு 35 மீட்டர் உயர்வு, என்பது ஏறத்தாழ 19 பாகை. 35 பாகை என்பது 70 விழுக்காடு. கணக்கைத் தொடங்கும் முன் கையில் இருப்பது எது என்று பாருங்கள்.

ஏற்றத்தில் வரும் பொய் எச்சரிக்கையை வரம்பை உயர்த்தி அடக்குவது

சக்கர மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் மோதல் என்று கொள்வது எளிய வழி. சமதளத்தில் நன்றாகவே வேலை செய்யும். சரிவில் நடப்பதை எண்களோடு பார்ப்போம். 10 கிலோ எடையுள்ள இயந்திரம் 20 பாகைச் சரிவில் நின்றால், புவியீர்ப்பு அதைச் சரிவின் வழியே கீழ்நோக்கி ஏறத்தாழ 34 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது. உருளல் தடைக்கு (சக்கரம் உருள்வதற்குத் தரை காட்டும் எதிர்ப்புக்கு) மேல் 40 நியூட்டன் கூடுதல் விசை தேவைப்பட்டால் மோதல் என்று சமதளத்தில் வரம்பு வைத்திருக்கிறீர்கள் எனக் கொள்வோம். ஏறும்போது அந்த 40இல் 34ஐ ஏற்றமே விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது 6 நியூட்டன், அதாவது ஒரு தடித்த புல்திட்டு கூட மோதலாகத் தெரியும். எரிச்சலடைந்து வரம்பை 70க்கு உயர்த்துகிறீர்கள். ஏற்றத்தில் அமைதி திரும்புகிறது.

இப்போது அதே இயந்திரம் இறங்கட்டும். ஈர்ப்பே 34 நியூட்டனைத் தருவதால், மோட்டார் 70ஐ எட்ட வேண்டுமானால் எதிரே இருக்கும் பொருள் 104 நியூட்டன் எதிர்ப்பைக் காட்ட வேண்டும். அது இயந்திரத்தின் முழு எடையை விட, அதாவது 98 நியூட்டனை விட, அதிகம். அதற்கு முன்பே ஈரப்புல்லில் சக்கரங்கள் வழுக்கிவிடும், வழுக்கும் சக்கரம் மின்னோட்டத்தை மேலே ஏற விடாது. ஆகவே இறக்கத்தில் மோதல் தாமதமாகத் தெரிவதில்லை, தெரியவே தெரியாது. ஏற்றத்தில் தொந்தரவு கொடுத்த ஒன்றை வாயடைக்கப் போய், இறக்கத்தில் இயந்திரத்தையே செவிடாக்கிவிடுகிறோம். எச்சரிக்கை எதுவும் வராததால் எல்லாம் சரியாக இருப்பதாகவும் நம்பிவிடுகிறோம்.

நான் இதை உணர்ந்தது ஒரு பிளாஸ்டிக் நீர்வாளியின் புண்ணியத்தில். சரிவின் நடுவில் மறந்து வைத்த அந்த வாளியை என் இயந்திரம் கீழே உள்ள சுவர் வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே நசுக்கி, அதன் மீது முன்பக்கத்தை ஏற்றி, கத்தி வாளியின் விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தது. பதிவை எடுத்துப் பார்த்தால், வாளியைத் தள்ளிய நேரம் முழுவதும் மின்னோட்டம் சமதளத்தில் வெறுமனே ஓடும்போது இருப்பதைவிடக் குறைவு. அந்த இடத்தில் வாளி இருந்தது என் அதிர்ஷ்டம் என்று இன்றும் நினைப்பதுண்டு.

சரிசெய்யும் முயற்சியிலும் நான் சுற்றுவழியில்தான் போனேன். முடுக்கமானியிலிருந்து (முடுக்கத்தை அளக்கும் உணரி, accelerometer) சாய்கோணத்தைக் கணக்கிட்டு, அதை நன்றாக மழுங்கடித்து, அந்தக் கோணத்துக்கு எதிர்பார்க்கும் மின்னோட்டத்தை அட்டவணையில் தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் கோணமே தேவையில்லை. ஓடும் திசையில் முடுக்கமானி காட்டும் அளவில் முடுக்கமும் ஈர்ப்பின் கூறும் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன. அதை இயந்திரத்தின் நிறையால் பெருக்கி, மின்னோட்டத்திலிருந்து கணித்த உந்துவிசையிலிருந்து கழித்தால், எஞ்சுவது உருளல் தடையும் மோதல் விசையும் மட்டுமே. ஏற்றம், இறக்கம், கிளம்புதல், வேகம் குறைத்தல் எல்லாம் தாமே அடிபட்டுப் போகின்றன. வரம்பை இந்த எச்சத்தின் மீது வையுங்கள்.

இதிலும் மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, பலரும் வாங்கும் மலிவான மின்னோட்ட உணரிகளில் சில ஒரு திசையை மட்டுமே அளக்கும். இறக்கத்தில் மோட்டார் பிரேக் போல வேலை செய்து மின்னோட்டம் எதிர்த்திசையில் பாயும்போது அவை சுழியம் காட்டும், கணக்கும் அங்கேயே முறிந்துவிடும். இரண்டாவது, கியரின் உராய்வு ஏற்றத்தில் உந்துவிசையைத் தின்கிறது, இறக்கத்தில் பிரேக்குக்கு உதவுகிறது. எனவே ஆம்பியரை நியூட்டனாக மாற்றும் எண்ணை இரு திசைகளிலும் தனித்தனியே அளந்துகொள்ள வேண்டும். மூன்றாவதுதான் வஞ்சகமானது. முன்பக்கம் ஒரு வேரின் மீதோ கல்லின் மீதோ ஏறினால், முடுக்கமானி அதை ஏற்றம் என்று சொல்லும், உயர்ந்த மின்னோட்டமும் நியாயமாகத் தோன்றும், மோதல் தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். புல்வெளியின் சரிவு அவ்வளவு திடீரென மாறுவதில்லை. ஆகவே சுழலும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பில் சாய்வு சட்டென்று உயர்ந்தால், அந்த உயர்வையே மோதலாகக் கொள்ளுங்கள்.

முடுக்கமானியை அளவுக்கு மீறி வடிகட்டுவது

கத்தியின் அதிர்வு தொல்லை தருகிறது என்று முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் சேர்ந்த எம்பியூ-6050 சிப்பின் வடிகட்டியை 5 ஹெர்ட்ஸில் வைப்பவர்கள் உண்டு. சில பத்து மில்லிவினாடிகளில் முடிந்துவிடும் மோதலின் இடி, அந்த வடிகட்டியில் மென்மையான ஒரு மேடாகக் கரைந்துபோகும். அதிர்வுக்குக் கத்தியைச் சமநிலைப்படுத்துவதே மருந்து.

சிப்பைக் கோணலாகப் பொருத்துவது

2 பாகைக் கோணல் 10 கிலோ இயந்திரத்தில் 3.4 நியூட்டன் பிழையாகும். ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகத் திருப்பி வைத்து இரண்டு அளவுகளின் சராசரியை எடுத்தால் பிழை தெரிந்துவிடும்.

மிதக்கும் மேலுறையின் ஸ்பிரிங்கை இறுக்குவது

சற்று அசையும்படி பொருத்திய மேலுறையில் காந்தமும் அடியில் காந்தத்தை உணரும் ஹால் உணரியும் வைத்து, உறை நகர்ந்தால் மோதல் என்று கண்டறியும் அமைப்பு நல்லது. ஆனால் 3 கிலோ உறை 20 பாகைச் சரிவில் 10 நியூட்டன் விசையுடன் தானே கீழே சரியும். பக்கவாட்டாக ஓடும்போது பக்கவாட்டில் சரியும். இதற்காக ஸ்பிரிங்கை இறுக்கினால் உறையை நகர்த்த இன்னும் பலமான இடி வேண்டும். அந்த இடியை வாங்கப்போவது யாருடைய கணுக்காலாகவும் இருக்கலாம். ஸ்பிரிங்கைத் தொடாமல், உறையின் ஓய்வு நிலையைச் சில வினாடிகளின் சராசரியாகத் தொடர்ந்து புதுப்பித்து, அதிலிருந்து நேரும் திடீர் விலகலைப் பாருங்கள். திரும்பும் நேரத்தில் மட்டும் அந்த ஓய்வு நிலை விரைவாக மாறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மேட்டைச் சுவராக நினைப்பது

தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் கிடையாகப் பொருத்திய, ஒலி எதிரொலித்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் உணரிக்கு, 20 பாகை மேடு தொடங்கும் இடத்திலிருந்து 41 செ.மீ. தள்ளி மண்ணே எதிரே நிற்கும். மேட்டின் உச்சியிலோ அது வானத்தைப் பார்க்கும். சரிவில் அதை வேகத்தைக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

தூக்குதல் உணரியை அணைத்து வைப்பது

வேண்டாம். தூக்குதலுக்கும் கவிழ்தலுக்கும் தனி உணரி கேட்கிறது ரோபோ புல்வெட்டிகளின் பாதுகாப்புக்கான ஐ.ஈ.சி. 60335-2-107 தரநிலை.

பின்வாங்கியதாக நம்புவது

இறக்கத்தில் மோதிய இயந்திரம் பின்வாங்குவது என்பது மேலே ஏறுவதுதான். சக்கரம் 30 செ.மீ. சுழன்றது என்று, மோட்டார் சுழற்சியை எண்ணும் என்கோடர் சொல்லும். ஈரப்புல்லில் உடல் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு திரும்பும்போது பக்கவாட்டில் அதே பொருளின் மீது சரியும், பக்கவாட்டிலோ பம்பர் இருக்காது. மோட்டார் இல்லாத முன்சக்கரம் ஒன்றில் சிறு காந்தமும் ஹால் உணரியும் வைத்து, அது உண்மையில் சுழன்ற பிறகே திரும்ப அனுமதியுங்கள். இரண்டு முயற்சியிலும் அது சுழலாவிட்டால், என் இயந்திரம் கத்தியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று ஒலி எழுப்புகிறது.