எம்பிஏ படிச்சு வேற லைனுக்கு மாறப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

போன மாசம் ராத்திரி பத்து மணி இருக்கும், எங்க தண்டையார்பேட்டை தெருப் பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். திருவொற்றியூர் பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ல, அதாவது கஸ்டம்ஸ் முடியுற வரைக்கும் கன்டெய்னரை வைக்கிற யார்டுல, நாலு வருஷமா கேட்ல வேலை, கன்டெய்னர் நம்பரும் சீல் நம்பரும் பேப்பரோட சரியா இருக்கான்னு பாத்து உள்ள விடணும். "அண்ணா, எனக்கு இந்த லைனே வேணாம், எம்பிஏ முடிச்சிட்டு வேற எங்கயாவது போயிடுறேன், ஒரு காலேஜ்ல நாளைக்கே அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க"ன்னான். கட்டாதடான்னு சொல்லி உட்கார வச்சு ரெண்டு மணி நேரம் பேசினேன். ராயபுரம், வியாசர்பாடி, எண்ணூர்னு நம்ம பக்கம் இதே யோசனைல நிறைய பேர் இருக்கீங்க, அதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன்.

நானும் அந்த வழியில வந்தவன்தான். பாரிஸ் கார்னர்ல ஒரு சிஎச்ஏ ஆபீஸ்ல, அதாவது கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்ல, அஞ்சு வருஷம் டாக்குமென்டேஷன், பில் ஆஃப் என்ட்ரின்னு இறக்குமதி சரக்குக்கான கஸ்டம்ஸ் பேப்பர் போடுறது, ஐஸ்கேட்ங்கிற கஸ்டம்ஸ் வெப்சைட்ல ஸ்டேட்டஸ் பாத்துக்கிட்டே இருக்கிறது, ஃபைலைத் தூக்கிட்டு கஸ்டம் ஹவுஸுக்கு ஓடுறது. அப்புறம் ரெண்டு வருஷம் ஃபுல் டைம் எம்பிஏ, இப்ப ஒரு பேங்க்ல டிரேட் ஃபைனான்ஸ் டீம்ல, ஏற்றுமதி இறக்குமதிக்கான பேங்க் வேலையைப் பாக்குற டீம்ல, இருக்கேன்.

நம்மாளுங்க பண்ற பெரிய தப்பு, இண்டஸ்ட்ரியையும் செய்யுற வேலையையும் ஒரே தாவுல மாத்தப் பாக்குறது. சிஎஃப்எஸ்ல இருந்து நேரா ஐடி கம்பெனி மார்க்கெட்டிங்னு போனா, உங்க நாலு வருஷத்துக்கு அங்க மதிப்பே இருக்காது, நேத்து காலேஜ் முடிச்ச பிள்ளைங்களோட அதே வரிசைல நிக்கணும். ஒரு காலை ஊனிக்கிட்டு இன்னொரு காலை எடுத்து வைங்க. என் விஷயத்துல ஊனின கால் அந்த டாக்குமென்ட்தான். வெளிநாட்டுல இருந்து சரக்கு வாங்குறவருக்காக பேங்க் எல்சி கொடுக்கும், பேப்பர் சரியா இருந்தா விக்கிறவருக்குப் பணம் தர்றேங்கிற உத்தரவாதம் அது. சரக்கை யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க, பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி கொடுக்கிற சரக்கு ரசீது), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் எல்சில சொன்ன மாதிரியே இருக்கான்னு பேப்பரை மட்டும்தான் பாப்பாங்க, எல்சிக்கான சர்வதேச விதியான யுசிபி 600படி அதுக்கு அதிகபட்சம் அஞ்சு பேங்கிங் நாள்தான் டைம், ஒரு தேதி தப்பா இருந்தா கூட டிஸ்கிரெபன்சி, அதாவது ஒத்து வரலன்னு நிறுத்திடலாம். அஞ்சு வருஷமா பில் ஆஃப் லேடிங்கையே பாத்த கண்ணுக்கு அது சட்டுன்னு தெரியும். மணலி பக்கம் கெமிக்கல் பிளான்ட்ல ஷிப்ட் பாக்குறவருக்கு கன்சல்டிங் கம்பெனியோட சேஃப்டி டீம் பக்கத்து வீடு மாதிரி, ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கிற அக்காவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கிளெய்ம்ஸ் அப்படி.

இதோட ஒட்டின இன்னொண்ணு, பழைய வேலையை மறைக்கிறது. இது என் மனசுக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். ரெஸ்யூமேல வியாசர்பாடின்னு போட்டா என்ன நினைப்பாங்களோன்னு பெரம்பூர்னு போடுறவங்களை எனக்குத் தெரியும், அதே மாதிரி கேட்ல நின்ன வேலையை 'லாஜிஸ்டிக்ஸ் எக்ஸிகியூட்டிவ்'னு ரெண்டு வார்த்தைல மூடிடுறாங்க. என் முதல் இன்டர்வியூல ஏன் எம்பிஏன்னு கேட்டாங்க, லீடர்ஷிப், குரோத்னு மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சேன், கிடைக்கல. அடுத்த காலேஜ்ல ஒரு மேடம், "கன்டெய்னர் ரெண்டு நாள் லேட்டானா யாருக்கு என்ன நஷ்டம்?"னு கேட்டாங்க. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எச்எஸ் கோடு, அதாவது சரக்கு என்ன வகைன்னு சொல்ற நம்பர், சரியில்லன்னு கஸ்டம்ஸ் குவெரி போட்டதையும், இம்போர்ட்டர் போனே எடுக்காததையும், ஒரு பக்கம் சிஎஃப்எஸ்ல சரக்கு கிடக்கிறதுக்கு டெமரேஜ், இன்னொரு பக்கம் கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்க லேட்டாகுறதுக்கு ஷிப்பிங் லைனுக்கு டிடென்ஷன்னு ரெண்டு மீட்டரும் ஓடினதையும் அப்படியே சொன்னேன். பத்து நிமிஷம் குறுக்க பேசாம கேட்டாங்க. அந்த காலேஜ்லதான் சீட் கிடைச்சுது.

அப்புறம் கோர்ஸ் எடுக்கிற விஷயம், இதை யாரும் தெளிவா சொல்றதில்ல. ரெண்டு வருஷ எம்பிஏல நடுவுல ஏறக்குறைய ரெண்டு மாசம் சம்மர் இன்டர்ன்ஷிப் வரும். லைன் மாறுறவனுக்கு அதுதான் உயிர், புது இண்டஸ்ட்ரில ஒரு தடவை வேலை செஞ்சு காட்டினதுக்கு ஆதாரம் அது ஒண்ணுதான், எனக்கு பேங்க் வேலை வந்ததும் அந்த ரெண்டு மாசத்தாலதான். ஒரு வருஷ கோர்ஸ்ல பெரும்பாலும் அது இருக்காது, அது ஏற்கனவே நல்ல அனுபவம் இருந்து அதே ரூட்ல மேல ஏறப் போறவங்களுக்கு நல்லா இருக்கும். வீக்கெண்ட் கோர்ஸ், ஆன்லைன் எம்பிஏ ரெண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டைப் பாத்துக்கணும், சம்பளத்தை விட முடியாதுங்கிற நிலைமைல அதுதான் வழி. யுஜிசி அனுமதி வாங்கின ஆன்லைன் டிகிரி ரெகுலர் டிகிரிக்கு சமம்னு 2022லயே சொல்லிட்டாங்க. ஆனா டிகிரி சமமா இருக்கிறது வேற, கேம்பஸுக்கு கம்பெனி வர்றது வேற, இதுல பிளேஸ்மென்ட்டை நம்பிச் சேராதீங்க, இப்ப இருக்கிற ஆபீஸ்லயே வேற டிபார்ட்மென்ட் கேட்டு வாங்கப் பாருங்க. சேர்றதுக்கு முன்னாடி எம்பிஏன்னா யுஜிசி, பிஜிடிஎம்னா (எம்பிஏ மாதிரியான டிப்ளமோ) ஏஐசிடிஇ, அவங்க சைட்லயே பேரைத் தேடிப் பாத்துடுங்க.

பிளேஸ்மென்ட் விளம்பரத்துல ஹையஸ்ட் பேக்கேஜ்னு பெருசா போட்டிருப்பாங்க, அது ஒரே ஒரு ஆளோட சம்பளம். மீடியன், அதாவது வரிசைல நடுவுல இருக்கிறவரோட சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் பிளேஸ்மென்ட்ல உட்கார்ந்தாங்க, அதுல எத்தனை பேருக்குக் கிடைச்சுதுன்னு கேளுங்க. முக்கியமா, உங்களை மாதிரி வேற லைன்ல இருந்து வந்த சீனியர் ரெண்டு பேரோட நம்பர் கேளுங்க, கொடுக்கத் தயங்கினா அந்த காலேஜை விட்டுடுங்க.

காசு கணக்கு போடாம கையெழுத்து போடாதீங்க. 12 லட்சம் லோன், 10 பர்சென்ட் வட்டி, ஏழு வருஷம்னா மாசம் கிட்டத்தட்ட 20,000 ரூபாய் இஎம்ஐ. படிக்கிற காலத்துல கட்ட வேணாம்னு சொல்லுவாங்க, ஆனா வட்டி அப்பவும் ஏறிக்கிட்டேதான் இருக்கும். இப்ப 25,000 வாங்குறவர் ரெண்டு வருஷம் வேலையை விட்டா அதுவே 6 லட்சம், அதையும் செலவுல சேருங்க. பெரிய காலேஜுங்களுக்குத் தனி ஸ்கீம் இருக்கு, மத்தபடி ஏழரை லட்சத்துக்கு மேல போனா பேங்க்ல சொத்து கேப்பாங்க, அம்மா பேர்ல இருக்கிற ஒரே வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிங்க. வட்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் வரி விலக்கு உண்டு, அதுவும் பழைய டேக்ஸ் முறைல மட்டும்தான்.

எக்ஸாமுக்கு அவசரப்படுறதும் ஒரு தப்புதான். ஐஐஎம் மாதிரி காலேஜுங்களுக்கான கேட் (CAT) எக்ஸாம் வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பர் கடைசில வரும், தமிழ்நாட்டு காலேஜுங்களுக்கு டான்செட் (TANCET) எக்ஸாம் இருக்கு. ஷிப்ட் வேலைல இருந்துக்கிட்டு மூணு மாசத்துல முடிச்சிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஒரு வருஷம் எடுத்துக்கோங்க. வீட்டுல படிக்க இடம் இல்லன்னா கொளத்தூர் அகரத்துல 2024ல திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கு, அமைதியா உட்கார்ந்து படிக்கலாம்.

அந்தப் பையன் அட்வான்ஸ் கட்டல. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டோட வந்தான், கேட்ல என்னென்ன செய்யுறேன்னு எழுதிட்டு வான்னு சொல்லி அனுப்பியிருந்தேன். நாலாவது பக்கத்துல ஒரு வரி, சீல் நம்பர் ஒத்து வராத கன்டெய்னரை உள்ள விடாம நிறுத்தி வச்சேன், டிரைவர் சண்டை போட்டாரு, காலைல செக் பண்ணினப்போ உள்ள சரக்கு குறைஞ்சிருந்துச்சுன்னு. இதை ஏன்டா கடைசில எழுதினன்னு கேட்டேன். "இதெல்லாம் பெரிய விஷயமாண்ணா?"ன்னான். அதையே ரெஸ்யூமேல முதல் வரியா போட்டு எழுத ஆரம்பிச்சோம்.