அடைபட்ட மடத்துக்கு அழைத்தல் இருக்கோன்னு தோணுதா? போறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது

ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு ஓடுற சிஸ்டர்ஸை நமக்கு நல்லா தெரியும், ஆனா கார்மேல் மடம் மாதிரி உள்ளயே இருந்து ஜெபத்தையே வாழ்க்கையா வச்சிருக்கவங்களை ரொம்ப பேர் பாத்ததே இல்ல. அங்க போகணும்னு உள்ளுக்குள்ள ஒரு இழுப்பு (அதைத்தான் அழைத்தல்னு சொல்றோம்) இருக்கற பொண்ணுங்களுக்குத்தான் இது. நான் கார்மேலை வச்சே சொல்றேன், மத்த சபைல கொஞ்சம் மாறும்.

முதல்ல ஒரு ஆன்ம வழிகாட்டி பிடிங்க. உங்க பங்கு ஃபாதராவே இருக்கணும்னு இல்ல, இந்த வாழ்க்கையை பத்தி தெரிஞ்சவரா, கேட்டவுடனே "போம்மா போ"ன்னு சொல்லாதவரா இருந்தா போதும். பின்னாடி கார்மேல் புனிதையான எடித் ஸ்டைன் 1922 ஜனவரி 1ல ஞானஸ்நானம் வாங்கினப்பவே கார்மேல்தான்னு இருந்தாங்க, வழிகாட்டுனவங்க பொறுன்னு சொல்ல, ஜெர்மனியில ஸ்பேயர்ங்கற ஊர்ல டீச்சரா வேலை பாத்து, கடைசியில 1933 அக்டோபர்லதான் கொலோன் கார்மேலுக்குள்ள போனாங்க. உண்மையான அழைத்தல்னா காத்திருந்தா ஒண்ணும் ஓடிப்போயிடாது.

காத்திருக்கற நேரத்துல வீட்லயே ட்ரை பண்ணலாம். கார்மேல்ல காலையில ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம் மௌன தியானம், அதுபோக திருப்புகழ்மாலைங்கற வேளை ஜெபம், பூசை எல்லாம் தனி. நீங்க தினமும் ஒரு மணி நேரம் உக்காருங்க, போன் வேற ரூம்ல இருக்கட்டும், நவநாள் புக்கும் வேண்டாம். முதல் வாரம் சூப்பரா இருக்கும், அப்புறம் போரடிக்கும், தூக்கம் வரும் (பிரான்ஸ்ல லிசியே கார்மேல்ல இருந்த புனிதை குழந்தை தெரேசாளே தியானத்துல தூங்கிருக்காங்க, அதனால பயப்படாதீங்க), அந்த போரடிக்கற நாள்லயும் எழுந்து போயிடாம உக்கார முடியுதான்னுதான் பாக்கணும், அழுகை வந்துச்சா சிலிர்த்துச்சான்னு இல்ல.

இதைவிட பெரிய டெஸ்ட் கூட இருக்கற மனுஷங்கதான், இதைத்தான் யாரும் சொல்லி அனுப்பறதில்ல. கார்மேலை சீர்திருத்துன அவிலா தெரேசா, அதான் பெரிய தெரேசா, மடத்துக்கு 13 பேர் போதும்னு ஆரம்பிச்சு அப்புறம் 21 பேர்னு வச்சாங்க, ஆக அதே இருபது முகத்தைத்தான் சாகற வரைக்கும் பாக்கணும். லிசியே மடத்துல குழந்தை தெரேசாளுக்கு பின்னாடி உக்காந்த சிஸ்டர் ஒருத்தங்க தியான நேரத்துல ஒரு மாதிரி சத்தம் பண்ணிட்டே இருப்பாங்களாம், திரும்பி முறைக்கணும்னு தோணுமாம், வேர்த்து ஊத்துமாம், கடைசியில அந்த சத்தத்தையே பாட்டு கச்சேரி மாதிரி கேட்டுட்டு இருந்தாங்களாம். துணி துவைக்கற இடத்துல எதிர்ல இருந்தவங்க அழுக்கு தண்ணிய மூஞ்சில தெறிக்க விட்டதும் நடந்திருக்கு. ஹாஸ்டல்ல ரூம்மேட்டோட ஒரு மாசம் ஒத்துப்போக முடியாதவங்க இத நல்லா யோசிங்க.

கடன் இருந்தா முதல்ல அடைங்க. எஜுகேஷன் லோன் உட்பட. கட்ட முடியாத கடன் இருக்கறவங்களை சேர்க்கக்கூடாதுன்னு திருச்சபை சட்டமே சொல்லுது. காதல் தோல்வி, வீட்ல சண்டை, மாப்பிள்ளை பாக்கறாங்கன்னு தப்பிச்சு ஓடறது, இதுக்கெல்லாம் மடம் வழி கிடையாது, மடத்து தலைவியான மதர் ரெண்டு கேள்வியில கண்டுபிடிச்சிடுவாங்க. ஞானஸ்நான சர்டிபிகேட், உறுதிபூசுதல் சர்டிபிகேட் எடுத்து வைங்க.

அப்புறம் மதருக்கு ஒரு லெட்டர். நாலு பக்க ஆன்மீக கட்டுரை வேண்டாம், யார் நீங்க, என்ன படிச்சீங்க, வீட்ல யார் யார், எப்பலருந்து இந்த எண்ணம், அவ்ளோதான். வரச்சொன்னா பார்லர்ல, அதாவது வர்றவங்களை பாக்கற ரூம்ல, சந்திப்பாங்க, நிறைய மடத்துல நடுவுல கம்பி அழி இருக்கும், பாத்து மிரளாதீங்க. நீங்களும் கேளுங்க: சாப்பாட்டுக்கு மடம் என்ன வேலை செய்யுது, வயசான சிஸ்டர்ஸை யார் பாத்துக்கறாங்க, கடைசியா எப்ப ஒருத்தர் சேந்தாங்க, அம்மா அப்பா வருஷத்துக்கு எத்தனை தடவை வரலாம். பேசறப்ப அவங்க சிரிக்கறாங்களான்னும் கவனிங்க, எனக்கு அது ரொம்ப முக்கியம்.

உள்ள போனா உடனே கதவு பூட்டிடும்னு வீட்ல பயப்படுவாங்க. 2018ல வாட்டிகன் விட்ட விதிமுறைப்படி பாத்தா அப்படி இல்ல. உள்ள போய் தங்கி பழகற காலம் குறைஞ்சது ஒரு வருஷம், அடுத்த கட்டம் ஒரு வருஷம், நவசந்நியாசம்ங்கற பயிற்சி காலம் ரெண்டு வருஷம், முதல் வார்த்தைப்பாட்டுக்கு (கொஞ்ச காலத்துக்கு மட்டும் குடுக்கற வாக்கு) அப்புறம் அஞ்சு வருஷம், மொத்தம் ஒன்பது வருஷம் ஆனாத்தான் நித்திய வார்த்தைப்பாடு, அதாவது சாகற வரைக்குமான வாக்கு. அந்த முதல் வார்த்தைப்பாடு வரைக்கும் எப்ப வேணா வெளிய வரலாம், மடமும் ஒத்துவராதுன்னு சொல்லலாம். இந்த கணக்கை அப்பாகிட்ட பேப்பர்ல எழுதி காட்டுங்க, சும்மா வாய்ல சொன்னா கேக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு, தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாம போகலாம்ங்கறதையும் மறைக்காம சொல்லிடுங்க.

லெட்டருக்கு பதில் வரலன்னா உடனே போன் போட வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துலயும் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்துலயும் லெட்டர், சந்திப்பு எல்லாத்தையும் நிறுத்தி வைக்கற மடங்கள் உண்டு, தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதனுக்கு அப்புறம் போஸ்ட் பண்ணீங்கன்னா ஈஸ்டர் முடிஞ்சுதான் பதிலை எதிர்பாக்கணும்.