லாரி மோதி உயிர் போனால்: குடும்பங்கள் இழப்பீட்டைக் கோட்டைவிடும் இடங்கள்

அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் உடலை வாங்கக் காத்திருக்கும் குடும்பத்தைத் தேடி அன்றைக்கே மூன்று பேர் வந்துவிடுவார்கள். புகாரை எழுதி வைத்துக்கொண்டு நிற்கும் ஏட்டு, 'காரியச் செலவுக்கு வச்சுக்குங்க' என்று கவரை நீட்டும் லாரி உரிமையாளரின் ஆள், வக்காலத்தோடும் வெற்றுத்தாளோடும் வரும் வக்கீல் ஏஜென்ட். மூவருக்கும் வேண்டியது கையெழுத்து. பிற்பாடு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வருடக்கணக்கில் நடக்கும் எம்.சி.ஓ.பி. வழக்கு, அதாவது இழப்பீட்டு வழக்கு, எந்தப் பக்கம் சாயும் என்பது பாதிக்குமேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன். சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் பெரும்பகுதி எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி

புகார்தாரர் பெரும்பாலும் விபத்தைக் கண்ணால் பார்க்காத அண்ணனோ மாமனாரோதான். அவர் சொல்லாததும் அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கும். 'ரோட்டோரம் நிறுத்தியிருந்த லாரியின் பின்புறம் இறந்தவர் அஜாக்கிரதையாக மோதி' என்ற ஒரு வரி போதும். தவறு செய்தவரே இறந்துவிட்டார் என்று காவல் நிலையம் கோப்பை மூடிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனி அந்த எஃப்.ஐ.ஆரையே தன் முதல் ஆவணமாகத் தாக்கல் செய்யும்.

நம் நெடுஞ்சாலைகளில் இந்த வகை விபத்துக்குப் பஞ்சமே இல்லை. நடு இரவில், டீக்கடைக்கு எதிரே, தார்ச்சாலை மேலேயே, பார்க்கிங் விளக்கு இல்லாமல், பின்னால் ஒட்டிய சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை சேறு படிந்து மங்கிப்போய் நிற்கும் லாரி. மற்றவர்களுக்கு ஆபத்தாக வாகனத்தை நிறுத்திவிட்டுப் போவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு தடை செய்கிறது. சாலையில் எச்சரிக்கை விளக்கின்றி நின்ற கேஸ் டேங்கரில் கார் மோதிய வழக்கு ஒன்றில், காரை ஓட்டியவர் மேலும் பாதித் தவறு உண்டு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; முழுப் பொறுப்பையும் டேங்கர் மேல் வைத்தது. எனவே 'நின்ற வண்டியில் மோதினால் ஒன்றும் கிடைக்காது' என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

லாரியை நகர்த்துவதற்கு முன் எடுக்கும் நாலைந்து செல்போன் படங்களுக்கு இருக்கும் மதிப்பு, பிறகு எவ்வளவு செலவழித்தாலும் வராது. பின்விளக்கு, ரிஃப்ளெக்டர், வண்டியில் எவ்வளவு பாகம் வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே நிற்கிறது, பின்னால் முக்கோண எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா, நம்பர் பிளேட். பெட்ரோல் பங்க், டோல்கேட் சி.சி.டி.வி. பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும். அவற்றைக் கைப்பற்றச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் ரசீது வாங்குங்கள். அதிக லோடு சந்தேகம் இருந்தால் எடை மேடைச் சீட்டையும் சரக்குக்கான இ-வே பில்லையும் அதே மனுவில் சேர்த்துவிடலாம்.

எஃப்.ஐ.ஆர். தப்பாகப் போய்விட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. உடனே எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்புங்கள். நேரில் பார்த்த சாட்சியைத் தேடுங்கள். குற்ற வழக்கைப் போல ஐயமற நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் கேட்காது. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்பதே அங்குள்ள அளவுகோல். லாரி ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு தானாக விழுந்துவிடாது. பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும் தொகையைக் குறைக்க முடியாது, அதுவே விபத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கவரும் வெற்றுத்தாளும்

உரிமையாளர் தரப்பு கொடுக்கும் பணத்தோடு ஒரு 'ராஜி' பேப்பர் வரும். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம், அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1), சமரசம் செய்து முடிக்கக் கூடிய குற்றமே அல்ல. ஆகவே அந்தப் பேப்பரால் குற்ற வழக்கு ஓயாது. ஆனால் 'எங்களுக்கு யார் மீதும் புகார் இல்லை' என்ற வாசகம் பின்னாளில் தீர்ப்பாயத்தில் உங்கள் சாட்சி மேல் குறுக்கு விசாரணையாக வந்து இறங்கும். பணம் வாங்கித்தான் ஆக வேண்டிய நிலை என்றால், ஈமச்செலவுக்கு மட்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வேறு எதிலும் கையெழுத்து வேண்டாம்.

ஏஜென்ட் கேட்பது பங்கு. வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதையே இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்கின்றன. கையில் காசில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

இந்தக் குழப்பத்தில் இன்னொன்றும் நடக்கிறது. மனைவி தன் பிறந்த ஊரில் ஒரு வக்கீலிடமும், இறந்தவரின் பெற்றோர் தங்கள் ஊரில் வேறொருவரிடமும் போய், ஒரே மரணத்துக்கு இரண்டு மனு விழும். மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம். மனு ஒன்றாக இருந்தாக வேண்டும். சேர்ந்து வர மறுப்பவரை எதிர்மனுதாரராகச் சேர்த்தால் போதும், அவர் பங்கைத் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளும். உரிமையும் வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ளவர்களோடு நின்றுவிடுவதில்லை. மகள் வீட்டில், மருமகன் ஆதரவில் வாழ்ந்த மாமியாரும் சட்டப் பிரதிநிதிதான் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ஆறு மாதம்

பழைய ஞாபகத்தில் 'கிளைம் கேஸுக்குக் காலவரையறை கிடையாது' என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்ற கெடு திரும்ப வந்துவிட்டது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. வருடத் திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போடும் வீடுகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

விதிப்படி 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுப்ப வேண்டும்; 10 நாளுக்குள் உங்கள் உரிமைகள் அடங்கிய படிவத்தை உங்களிடம் தர வேண்டும்; 90 நாளுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. காகிதத்தில் அழகான ஏற்பாடு. அதை மட்டும் நம்பாமல் தனி மனு போடுவதே புத்திசாலித்தனம்.

விபத்து கிருஷ்ணகிரியில் நடந்தது, லாரி ராஜஸ்தான் பதிவு, வீடு தூத்துக்குடி என்றால் தூத்துக்குடியிலேயே வழக்குப் போடலாம். யார் மேல் என்பதில் கவனம் வேண்டும். லாரிகள் ஆர்.சி. மாற்றாமலேயே கைமாறுவது சகஜம். 'வண்டியை எப்பவோ வித்துட்டேன்' என்பவர் பெயரில் இன்னும் பதிவு இருந்தால், அவரே சட்டப்படி உரிமையாளர். எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு விவரமும் இன்சூரன்ஸ் எதுவரை என்பதும் தெரியும்.

ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை என்று கேள்விப்பட்டதும் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். அது கம்பெனிக்கும் உரிமையாளருக்கும் இடையிலான தகராறு. முதலில் கம்பெனி குடும்பத்துக்குக் கட்டி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் வழக்கமாக உத்தரவிடுகின்றன. அப்படி எளிதில் நடக்காத இடம் ஒன்று உண்டு. திருவிழாவுக்கோ துக்க வீட்டுக்கோ குட்டியானை எனும் சின்ன சரக்கு வண்டியின் பின்னால் ஏறிப் போனவர் இறந்தால், சரக்கு வண்டியில் சும்மா பயணம் செய்தவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடும். சட்டமும் அதன் பக்கம்தான். தன் சரக்கோடு, அதன் உரிமையாளராகப் போனவருக்கு நிலை வேறு. காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போனவரைப் பற்றிப் புகாரில் வெறுமனே 'பயணி' என்று எழுதியிருந்தால் உடனே திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

வருமானம்: லட்சங்கள் தொலையும் இடம்

'அவருக்கு ஏதுங்க சம்பள ஸ்லிப்பு, வெல்டிங் வேலை' என்று குடும்பமே சொல்லிவிட்டால், தீர்ப்பாயம் ஒரு உத்தேசத் தொகையைப் போட்டுக் கணக்கை முடிக்கும். 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி ஆகிய இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்து அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இறந்தவருக்கு வயது 35, சுயதொழில், மாதம் 15,000 ரூபாய், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே சுயதொழில் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூடும்: 21,000. நம்பியிருப்போர் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழியும்: 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 30,24,000 ரூபாய். அதே மனிதருக்கு ஆதாரமில்லை என்று மாதம் 10,000 மட்டும் ஏற்றால் 20,16,000. கையில் ஒரு கோப்பு இல்லாததால் பத்து லட்சத்துக்கு மேல் போயிற்று.

ஆதாரம் என்றால் வருமான வரிக் கணக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். வங்கிப் பாஸ்புக், ஜிபே வரவுகள், நல வாரிய அட்டை, மாதாமாதம் கட்டிய வண்டித் தவணை, சீட்டுப் பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். வேலை கொடுத்தவரைச் சாட்சியாக அழைத்தால் கணக்குப் புத்தகத்தோடு வரச் சொல்லுங்கள். லெட்டர்பேடில் எழுதிய சான்றிதழை மட்டும் வைத்தால் பெரும்பாலும் எடுபடாது.

இறந்தவர் இல்லத்தரசி என்றால் 'சம்பாதிக்கவில்லை' என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். வீட்டு வேலைக்கும் உத்தேச வருமானமும் எதிர்கால வளர்ச்சியும் உண்டென்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கல்யாணமாகாத பிள்ளை இறந்தால் சொந்தச் செலவுக்குப் பாதி கழியும். பெருக்கும் எண்ணுக்கு இறந்தவர் வயதைத்தான் பார்க்க வேண்டும், பெற்றோர் வயதை அல்ல. துணையை, பெற்றவரை, பிள்ளையை இழந்ததற்கான தொகை மனைவியோடு குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியே சேர வேண்டும். அடிப்படை 40,000, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும்.

ஐந்து லட்சம் என்ற அழைப்பு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவில், யார் தவறு என்று பார்க்காமல் மரணத்துக்கு 5 லட்சம் உண்டு. தவறை நிரூபிக்கவே வழியில்லாத வழக்குக்கு அது வரப்பிரசாதம். ஆனால் சட்டம் சொல்லும் முறைப்படி அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். மேலே சொன்ன 35 வயதுக்காரரின் குடும்பம் அவசரத்தில் இதற்கு ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மோதிய லாரி நிற்காமல் போய், எண்ணும் தெரியாவிட்டால் 2 லட்சம் தனித் திட்டத்தில் கிடைக்கும். இது தெரியாமலேயே பல குடும்பங்கள் போய்விடுகின்றன. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், இப்படி ஒரு திட்டம் இருப்பதைக் காவல்துறையே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் டோல்கேட் பதிவு மூலம் லாரியைக் கண்டுபிடிக்க வாய்ப்பிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

இறந்தவர் தன் பெயரிலேயே உள்ள பைக்கை லைசென்ஸோடு ஓட்டியிருந்தால், அதன் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு லாரி மேல் தவறா இல்லையா என்ற கேள்வியே இல்லை. வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடித்த சுரக்ஷா பீமா என்ற பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம். ஆயுள் காப்பீட்டுத் தொகையை இழப்பீட்டில் கழிக்கவும் கூடாது. இறந்தவரே லாரியின் ஓட்டுநரோ கிளீனரோ என்றால் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. அங்கே அவர்மேல் தவறு என்பது பொதுவாகத் தடையில்லை. இரண்டு வழியில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்து எடுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. உட்காருவதற்கு முன் மனு போட்ட நாள் முதலான வட்டியையும் சேர்த்து உங்கள் கணக்கு என்ன என்பது கையில் இருக்கட்டும். தீர்ப்பு வந்தபின் வங்கி விவரம் கொடுக்காமல், முகவரி மாறியதைச் சொல்லாமல் விட்டதால் தீர்ப்பாயங்களில் பெருந்தொகை கேட்பாரற்றுக் கிடப்பதை உச்ச நீதிமன்றமே தானாக எடுத்து விசாரித்து, 2025இல் உத்தரவிட்டது. பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை வங்கி வைப்பில் இருக்கும். வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ள உத்தரவு கேட்கலாம். தொகை குறைவென்று பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மனுவில் நீங்கள் கேட்டதைவிடக் கூடுதலாகத் தரவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.