கட்டர் போடும் நேரம் வேறு, அச்சு அழுத்தும் நேரம் வேறு

இலங்கை மலையகத்து ஹட்டனில் பெப்ரவரி மாதம் என்றால் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றும் காய்ந்திருக்கும். அப்படி ஒரு நாளில் பூப்புனித நீராட்டு விழாவுக்காக இரண்டு தட்டுக் கேக் ஒன்று செய்தேன். கேக்கின் மேல் தகடாகத் தேய்த்துப் போர்த்தும் சீனி மாவான வெள்ளை ஃபொண்டன்டால் மூடி, வழவழவென்று தேய்த்துவிட்டு, பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். 20 நிமிடம் கழித்து வந்து ரோசாப்பூ அச்சை வைத்து அழுத்தினேன். பூவின் ஓரமெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிட்டது, வற்றிய குளத்துச் சேறு மாதிரி. அதே வருடம் ஜூன் மாதம், மழையும் மூடுபனியும் விடாமல் இருந்த ஒரு கிழமையில் அதே அச்சை அதே 20 நிமிடம் கழித்து இன்னொரு கேக்கில் வைத்தேன். இந்தத் தடவை வெடிக்கவில்லை. அச்சு ஒட்டிக்கொண்டது. தூக்கும்போது பூவின் நடுப்பகுதியும் பிய்ந்து கூடவே வந்தது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஃபொண்டன்டில் பெரும்பங்கு சீனி. அதோடு குளுக்கோஸ் சிரப், ஜெலட்டின், கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு. காற்றில் ஈரம் இருந்தால் சீனி அதை உள்ளே இழுக்கும், காற்று காய்ந்திருந்தால் தன்னிடமுள்ள ஈரத்தை வெளியே விட்டுவிடும். அப்படி விடும்போது மேலே ஒரு மெல்லிய தோல் கட்டும். தோல் கட்டிய பிறகு அழுத்தினால் வெடிக்கும், ஈரம் ஏறிய பிறகு அழுத்தினால் ஒட்டும். மலையகத்தில் இது இன்னும் சிக்கல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை பக்கத்தை நனைக்கும்போது, மலைக்கு அந்தப் பக்கம் பதுளை, பண்டாரவளையில் காய்ந்த காற்று வீசும். எங்கேயோ ஏசி அறையில் எடுத்த காணொளியில் “10 நிமிடம் விடுங்கள்” என்று சொன்னால், அந்த 10 நிமிடம் நம் வீட்டுக் குசினிக்குப் பொருந்தாது.

ஆகவே முதல் தவறு, மணிக்கூட்டைப் பார்த்து வேலை செய்வது. விரலால் பார்க்க வேண்டும். கேக்கின் பின்பக்கம், அடியோரமாக, யாரும் பார்க்காத இடத்தில் விரல் நுனியை மெல்ல அழுத்துங்கள். சுத்தமாகக் குழி விழுந்து விரல் ஒட்டாமல் வந்தால் அச்சு வைக்கலாம். குழியைச் சுற்றிச் சின்னச் சுருக்கம் தெரிந்தால் தோல் கட்டிவிட்டது, நேரம் தாண்டிவிட்டது. விரலோடு மாவு இழுபட்டால் ஈரம் கூடிவிட்டது, மின்விசிறிக் காற்றில் சற்று நேரம் வைத்துவிட்டு மறுபடி தொட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தவறு, வடிவம் வெட்டும் கட்டரையும் உருவம் பதிக்கும் அச்சையும் ஒரே பதத்தில் உபயோகிப்பது. தொடங்குகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். எம்போசர் என்கிற அச்சுக்கு மாவு மிருதுவாக, இளசாக இருக்க வேண்டும். கேக்கை மூடித் தேய்த்த கையோடு அழுத்த வேண்டும். கட்டருக்கு அப்படி இல்லை. தேய்த்தவுடன் வெட்டினால் இதயம் நீளவாக்கில் இழுபடும், நட்சத்திரத்தின் முனை மழுங்கும். மெல்லிசாகத் தேய்த்த தகட்டைச் சில நிமிடம் காற்றாட விட்டு, மேற்பரப்பு தொட்டால் காய்ந்தாற்போல் ஆன பிறகு வெட்டினால் ஓரம் கத்தியால் சீவியது போல வரும். சின்ன எழுத்துக் கட்டர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் எழுத்தின் வால் கட்டருக்குள்ளேயே நின்றுவிடும்.

தடிப்பையும் கவனியுங்கள். அச்சு அழுத்தப்போகும் கேக்கை மூட 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். அதைவிட மெல்லிசாக இருந்தால் அச்சு ஆழமாக இறங்கி, கீழே உள்ள பட்டர் ஐசிங் நிறம் தெரியும். தனியாக வெட்டி ஒட்டும் துண்டுகளுக்கு 2 மில்லிமீட்டர் போதும், பூ இதழுக்கு 1. ஒரே தடிப்புள்ள இரண்டு அடிமட்டங்களை மாவின் இரு பக்கமும் வைத்து, உருளைக்கட்டையை அவற்றின் மேல் ஓட்டினால் தகடு எங்கும் சமமாக வரும். பிள்ளைகளின் அடிமட்டத்தையே கழுவித் துடைத்துப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துக்கொள்ளலாம்.

குளிர் வேறு ஒரு பிரச்சினை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலையில் ஃபொண்டன்ட் பெட்டியைத் திறந்தால் கல் மாதிரி இருக்கும். உடனே தண்ணீர் தெளித்துப் பிசைகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் சீனியைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கும், அதன் பிறகு எந்த அச்சும் துல்லியமாகப் பதியாது. மைக்ரோவேவில் 5 முதல் 10 விநாடி வையுங்கள். இல்லாவிட்டால் பொலித்தீனில் இறுகச் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தலோடு அணைத்துக் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு உள்ளங்கையால் நன்றாகப் பிசையுங்கள். இழுத்தால் சட்டென்று அறுந்துவிடாமல் நீள வேண்டும். அப்போதும் வறண்டிருந்தால் சமையலுக்கான கிளிசரின் சில துளி போதும்.

ஒட்டாமல் இருக்க என்ன தூவுவது? மழைக்காலத்தில் ஐசிங் சீனி தூவினால் அதுவே ஈரம் குடித்துப் பசையாகிவிடும். கோர்ன்ஃபிளவர் நல்லது. ஆனால் கையால் அள்ளித் தூவக் கூடாது, அது மாவைக் காயவைத்து வெடிக்கச் செய்யும். மெல்லிய பருத்தித் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி, கட்டரின் விளிம்பில் ஒற்றி எடுங்கள். கறுப்பு, கடும் சிவப்பு போன்ற நிறங்களில் வெள்ளைத் தடம் விழும் என்பதால் அவற்றுக்குக் கொழுப்புத்தான் சரி. மாஜரின் வேண்டாம், அதில் தண்ணீரும் உப்பும் உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையில் உறையும், ஆகவே நம் பக்கத்தில் பல நாட்கள் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாக உறைந்துதான் கிடக்கும். அதை விரல் நுனியில் தொட்டு, அச்சின் முகத்தில் மினுங்கும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். குழிகளில் எண்ணெய் தேங்கினால் கோடுகள் அடைத்துக்கொள்ளும்.

இனி ஸ்பிரிங் வைத்த பிளஞ்சர் கட்டர், அதாவது இலையை வெட்டி, குமிழை அழுத்தினால் நரம்பும் பதிக்கும் கட்டர். இதை நான் அதிகம் எடுப்பது தேயிலைக் கொழுந்து செய்யத்தான். தோட்டத்துப் பிள்ளைகளின் கலியாணக் கேக்கில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வைத்துக் கேட்பார்கள், எனக்கும் அது மிகப் பிடித்த வேலை. தேயிலைக்கு ஓரத்தில் பல் உண்டு, நுனி கூர்மை. ரோசா இலைக் கட்டரில் சின்ன அளவு அதற்கு நன்றாகப் பொருந்தும். தவறு எங்கே நடக்கிறது என்றால், மேலே உள்ள குமிழைப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்துவதில். அப்போது வெட்டு முழுதாக விழும் முன்னரே நரம்பு பதிந்து, இலையின் ஓரம் பிசிறடிக்கும். சுற்றியுள்ள வளையத்தைப் பிடித்து முதலில் வெட்டுங்கள். பலகையோடு வைத்தபடியே முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள், திருகக் கூடாது. தூக்கி, கட்டருக்குள் மாவு இருக்கும்போதே அதன் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தேய்த்துப் பிசிறை எடுங்கள். மறுபடி பலகையில் வைத்து, இப்போது குமிழை அழுத்துங்கள், நரம்பு பதியும். பிறகு தூக்கி, குமிழை மறுபடி அழுத்தி இலையை வெளியே தள்ளுங்கள். இலை வந்ததும் நடு நரம்போடு லேசாக மடித்து, வளைந்த எதன் மேலாவது காயவிட்டால் உயிரோடு நிற்கும். தட்டையாக ஒட்டிய இலை படம் போலத்தான் இருக்கும்.

இப்படி நிமிர்ந்து நிற்க வேண்டிய துண்டுகளுக்குச் சாதாரண ஃபொண்டன்ட் போதாது. 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சிஎம்சி தூள் (மாவை இறுகக் காயவைக்கும் உணவுப் பசைத் தூள்) சேர்த்துப் பிசைந்து, சுற்றி வைத்து, சில மணி நேரம் கழித்து எடுங்கள். காயவைக்கும்போது பீங்கான் தட்டில் வைக்காதீர்கள், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். மெல்லிய ஸ்பொஞ்சுத் துண்டில் வையுங்கள். காய்ந்ததைக் காற்றுப்புகாத டப்பாவில் பூட்டி வைப்பதும் தவறு. ஈரம் உள்ளேயே நின்று இலை தொய்ந்துவிடும், அட்டைப்பெட்டிதான் நல்லது. சோறு வடிக்கும் அடுப்புப் பக்கம் வைக்கவே கூடாது, ஆவி ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஒட்டும்போது தண்ணீரை அள்ளிப் பூசுகிறவர்கள் பலர். துண்டு வழுக்கிக் கீழே இறங்கும், சிவப்பு நிறம் வெள்ளையில் கசியும். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கால் தேக்கரண்டி சிஎம்சி கலந்து ஒரு இரவு வைத்தால் தெளிவான பசையாகும். தூரிகையால் துண்டின் நடுவில் மட்டும் தொட்டு ஒட்டுங்கள்.

பூவேலை உள்ள உருளைக்கட்டையால் தகட்டில் டிசைன் பதித்துவிட்டு, அதைத் தூக்கி முழுக் கேக்கையும் மூடப் பார்ப்பது இன்னொரு தவறு. தூக்கும்போதே பாரத்தில் மாவு இழுபடும், மேலே வட்டமாக இருந்த பூ பக்கவாட்டில் முட்டை வடிவமாகிவிடும். முதலில் வெறும் தகட்டால் மூடுங்கள். டிசைன் தகட்டைப் பட்டையாக வெட்டி, துணிச்சுருள் போலச் சுருட்டி எடுத்து, கேக்கைச் சுற்றி அவிழ்த்து ஒட்டுங்கள்.

கலியாணக் கேக்குக்கு நம் நாட்டில் பெரும்பாலும் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில்தான் அமைப்புக் கட்டுகிறோம், விருந்தினருக்குக் கேக் துண்டு தனியே பெட்டியில் போகும். ரெஜிபோம் கெட்டி, அதன் மேல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். அந்தக் கை வேகத்தோடு உண்மையான பட்டர் கேக்கில் அச்சு வைத்தால் பள்ளம் விழும். மேலே பூசிய பட்டர் ஐசிங் கெட்டியாக உறைந்த பிறகுதான் மூட வேண்டும். மூடி முடித்த கேக்கை மழைக்காலத்தில் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலெல்லாம் வியர்க்கும், தங்கத்தூள் பூசிய கோடு கரைந்து ஓடும். வியர்த்துவிட்டால் துடைக்காதீர்கள், கையும் வைக்காதீர்கள். மின்விசிறி போட்டு அப்படியே விடுங்கள், ஈரம் தானாகப் போகும். பட்டர் ஐசிங் மட்டும் உள்ள கேக் என்றால் நுவரெலியாவின் இரவுக் குளிரே போதும், ஃபிரிட்ஜ் தேவையில்லை. உள்ளே பால் கிரீம் இருந்தால் வேறு வழியில்லை, ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த பிளாஸ்டிக் கட்டர்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சுமார் 60 பாகையிலேயே இளகும் பிளாஸ்டிக். கொதிதண்ணீரில் போட்டால் கோணிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும், வரி வரியாக உள்ள இடுக்குகளில் சீனி தங்கும் என்பதால் உடனே கழுவுங்கள். தகரக் கட்டர்களைத் துடைத்தால் மட்டும் போதாது, நம் பக்கத்து ஈரத்தில் ஒரே இரவில் துரு ஏறும். கேக் சுட்ட பிறகு சூடு தணிந்துகொண்டிருக்கும் அவன் அடுப்புக்குள் சற்று நேரம் வைத்து எடுங்கள்.

கடைசியாகப் பெயர் எழுதுவது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துக் கட்டர்கள்தான். தமிழ் எழுத்து வேண்டுமென்று அச்சு செய்யக் கொடுத்தால், அது கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கேக்கில் எழுத்து இடவலம் மாறி விழும். அச்சு இல்லாதவர்கள் பெயரைத் தாளில் பெரிதாக எழுதி, பேக்கிங் தாளில் பிரதி எடுத்து, அதை மாவின் மேல் வைத்துச் சுத்தமான குண்டூசியால் கோட்டின் வழியே குத்திக்கொண்டு போகலாம், பிறகு அந்தப் புள்ளிகளை இணைத்துக் கோடு போடலாம். மெய்யெழுத்தின் புள்ளியை மறந்துவிடாதீர்கள். கார்த்திக் என்ற பெயரில் மட்டும் மூன்று புள்ளி இருக்கிறது. அவற்றைத் தனியாக உருட்டி ஒட்டினால் பயணத்தில் உதிர்ந்துவிடும், ஐசிங் நொசிலின் நுனியால் அழுத்திப் பதியுங்கள். பெயரை நேரே கேக்கில் பதிக்க வேண்டாம். ஒரு சின்னத் தகட்டில் பதித்து, வீட்டுக்காரரிடம் படம் அனுப்பி எழுத்துச் சரியா என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள். தகட்டில் பிழை என்றால் இன்னொரு தகடு வெட்டலாம், கேக்கில் பிழை என்றால் மேல்தட்டு முழுவதையும் உரித்து மறுபடி மூட வேண்டியிருக்கும்.