எண்ணெய் வழியும் முகத்துக்கு ப்ரைமர்: முதலில் பாதி முகத்தில் போட்டுப் பாருங்கள்

எனக்கு எண்ணெய்ப் பசை முகம். காலை ஏழரைக்கு மேக்கப் போட்டால் பத்தரைக்குள் மூக்கின் இரண்டு பக்கமும் பளபளக்கத் தொடங்கிவிடும். மூக்குக்கண்ணாடி போடுகிறவள் என்பதால் கூடுதலாக ஒரு தொல்லையும் உண்டு. கண்ணாடி மூக்கில் அழுந்தும் இரண்டு இடங்களிலும் ஃபவுண்டேஷன் வழுக்கிப் போய்விடும். கழற்றினால் அங்கே மட்டும் இரண்டு பொட்டு மாதிரி வெறும் தோல் தெரியும். ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் ப்ரைமரை நான் வாங்கத் தொடங்கியதே அந்த இரண்டு பொட்டுக்காகத்தான்.

இதுவரை ஐந்து ப்ரைமர் போட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லாமே மருந்துக்கடை அலமாரியில் கிடைக்கிற, விலை அதிகமில்லாத ரகம். இரண்டு ஒத்துவந்தன, இரண்டு ஒத்துவரவில்லை. ஐந்தாவதை உதவாது என்று ஓரம் வைத்துவிட்டேன். நான் போட்ட விதம்தான் தப்பு என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்து மறுபடி எடுத்தேன். இன்று தினமும் போடுவது அதைத்தான். அதனால் எதை வாங்குவது என்பதைச் சுருக்கமாகவும், வாங்கியதை எப்படிச் சோதிப்பது என்பதை விரிவாகவும் சொல்கிறேன்.

ப்ரைமர் எண்ணெய் சுரப்பதை நிறுத்தாது. எண்ணெய் தோலுக்குள் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது, ப்ரைமரோ தோலுக்கு மேலே படியும் ஒரு மெல்லிய படலம். அந்தப் படலம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தோல் துளைகளின் பள்ளத்தை நிரவி மேற்பரப்பைச் சமமாக்குவது. அதைச் செய்பவை சிலிக்கோன்கள். இன்னொன்று, மேலே வரும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்வது. அது சிலிக்கா, கயோலின் களிமண், ஸ்டார்ச் போன்ற பொடிகளின் வேலை. துளைகளைச் சுருக்கிவிடும் என்று அட்டையில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். கதவு மாதிரித் திறந்து மூடத் துளைகளுக்குத் தசை கிடையாது. பள்ளம் நிரம்பி வெளிச்சம் சிதறுவதால் சிறியதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கடையில் நிற்கும்போது முன்பக்க வாசகங்களைவிடப் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். சேர்மானங்களை அதிகம் இருப்பதிலிருந்து குறைவாக இருப்பது வரை வரிசையாகப் போடுவார்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் போடலாம். இங்கே எனக்குப் பெரிதும் கைகொடுக்கும் அடையாளம் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதன் உச்ச அளவே 1 சதவீதம்தான். ஆகவே சிலிக்காவோ கயோலினோ அதற்குப் பின்னால் வந்தால், பெயருக்குத் தூவியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். முன்னால் வந்தால் நம்பி வாங்குவேன். டைமெத்திக்கோன் முதல் நான்கைந்து பெயருக்குள் இருந்தால் அது சிலிக்கோன் ப்ரைமர். மைக்கா மேலே இருந்தால் மினுமினுப்புக்கானது, நமக்கு வேண்டாம். எனக்கு ஒத்துவராத ஒன்றில் ஆல்கஹால் இரண்டாவது பெயர். போட்டதும் ஜில்லென்று இருந்தது, அப்புறம் மூக்கோரம் எரிந்தது. ‘நான்-காமெடோஜெனிக்’ (துளைகளை அடைக்காதது) என்ற வாசகத்துக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. இருந்தால் நல்லது, அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

வாங்கி வந்ததும் முகம் முழுக்கப் பூசிவிட வேண்டாம். மூன்று நான்கு இரவு தாடையோரத்தில் சிறிதளவு தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, குட்டிப் பரு எதுவும் வரவில்லை என்றால் அடுத்த கட்டம். புறங்கையில் ப்ரைமரைத் தேய்த்து, இரண்டு நிமிடம் விட்டு, நீங்கள் வழக்கமாகப் போடும் ஃபவுண்டேஷனை அதன்மேல் பூசுங்கள். தண்ணீரும் எண்ணெயும் போல அது பிரிந்து திட்டுத்திட்டாக நின்றால் இரண்டும் சேராது. சிலிக்கோன் ப்ரைமருக்கு சிலிக்கோன் ஃபவுண்டேஷன்தான், தண்ணீருக்குத் தண்ணீர்தான் என்று ஒரு விதி சொல்வார்கள். பல ஃபவுண்டேஷன்களில் இரண்டுமே கலந்திருப்பதால் அந்த விதியைவிடப் புறங்கையைத்தான் நம்புகிறேன்.

இனி பாதி முகச் சோதனை. இதற்கு அவசரமில்லாத ஒரு காலைப் பொழுது வேண்டும். முகம் கழுவி, ஜெல் மாதிரி லேசான மாய்ஸ்சரைசர், அதன்மேல் சன்ஸ்கிரீன். அதோடு நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். நான் தப்பு செய்த இடம் இதுதான். சன்ஸ்கிரீன் பிசுபிசுப்பாக இருக்கும்போதே ப்ரைமரைத் தேய்த்தேன். அழி ரப்பர் தூள் மாதிரி உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. பழியை ப்ரைமர் மேல் போட்டு ஓரம் கட்டினேன். பத்து நிமிடம் காத்திருந்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் போட்டபோது அதே ப்ரைமர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ப்ரைமரிலேயே எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) இருக்கிறதே, சன்ஸ்கிரீனை விட்டுவிடலாமா என்றால், கூடாது. எஸ்பிஎஃப் அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிக் கணக்கிடப்படுவது. ப்ரைமரை அவ்வளவு யாரும் போடுவதில்லை, போடவும் கூடாது.

பாதி முகத்துக்கு ஒரு மிளகு அளவு போதும். மூக்கின் ஒரு பக்கம், அதே பக்கத்து நெற்றி, மூக்கையொட்டிய கன்னம், பாதி முகவாய். விரல் நுனியால் அழுத்தி அழுத்தி விடுங்கள். அதிகம் போட்டால் அதிக நேரம் நிற்கும் என்று தோன்றும். உண்மையில் தடிமனான படலம்தான் முதலில் நழுவும். இரண்டு நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் ஒரே ஃபவுண்டேஷன், ஒரே அளவு, ஒரே பவுடர். ப்ரைமர் ஒன்றைத் தவிர வேறு எதுவும் மாறக் கூடாது.

போட்டவுடன் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். முதல் மணி நேரத்தில் எந்த சிலிக்கோன் ப்ரைமரும் பட்டு மாதிரித்தான் இருக்கும். நான் பார்ப்பது மூன்றாவது மணியும் ஐந்தாவது மணியும். ஒரே ஜன்னல் பக்கம் நின்று, ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம். அப்புறம் இரண்டு தனித்தனி டிஷ்யூவை இரண்டு பக்கத்து மூக்கிலும் ஒரே அழுத்தத்தில் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எண்ணெய்க் கறை எதில் பெரியது, ஃபவுண்டேஷன் நிறம் எதில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, கைபேசியில் ஒரு வரி எழுதி வைப்பேன். ஐந்து மணி நேரம் வரை பவுடரால் ஒத்தடம் கொடுக்காமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் இடையில் கைவைத்தால் சோதனை போச்சு.

மறுநாள் பக்கத்தை மாற்றுங்கள். நான் கைபேசியை வலது காதில் வைத்துப் பேசுகிறவள், அந்தக் கன்னத்தில் மேக்கப் எப்போதும் சீக்கிரம் போகும். பக்கம் மாற்றாமல் இருந்திருந்தால் நல்ல ப்ரைமர் ஒன்றை அநியாயமாகத் தள்ளியிருப்பேன். மொத்தம் நான்கு நாளாவது பாருங்கள், அதில் ஒரு நாள் நன்றாக வியர்க்கிற நாளாக இருக்கட்டும். வியர்வையும் எண்ணெயும் வேறு வேறு. எண்ணெயைப் பொடி உறிஞ்சும், வியர்வையோ படலத்தையே அடியிலிருந்து தூக்கிவிடும். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எனக்கு எண்ணெய் கூடும் என்பதால் அந்த வாரத்தில் புதிதாக எதையும் சோதிக்க மாட்டேன்.

இரவில் வெறும் தண்ணீருக்கு சிலிக்கோன் போகாது. மேக்கப் கலைக்கும் கிளென்சிங் ஆயிலோ மைசெல்லார் வாட்டரோ போட்டுத் துடைத்து, பிறகு ஃபேஸ்வாஷ். சோதனை நாட்களில் இதைச் சோம்பல்பட்டு விட்டால், நெற்றியில் வரும் பொரிப்பொரி ப்ரைமரால் வந்ததா, கழுவாததால் வந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, அந்த இரண்டு பொட்டுக்கு வருகிறேன். ப்ரைமர் மட்டும் போட்டபோது அவை சிறிதாயின, முழுதாகப் போகவில்லை. இப்போது அந்த இடத்தில் ப்ரைமரை மிக மெல்லிசாக ஒற்றி, ஃபவுண்டேஷனை விட்டுவிட்டு, பவுடர் மட்டும் அழுத்தி, ஐந்து நிமிடம் கழித்துத்தான் கண்ணாடி போடுகிறேன். வழுக்க அங்கே ஒன்றும் இல்லாததால் கழற்றினாலும் வித்தியாசம் தெரிவதில்லை. கன்னத்தின் வெளிப்பக்கம் எனக்கு எண்ணெய் வராது, அங்கே ப்ரைமரே போடுவதில்லை. மூக்கு, நடு நெற்றி, முகவாய் மட்டும்.