வாக்குத்தத்த அட்டையை நம்பி போர்வெல் போடாதீர்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த, புது வருஷ வாக்குத்தத்தமாக ஒரு பைபிள் வசனம் அச்சடித்த சின்ன அட்டை, ஜனவரியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி விசுவாசி வீடுகளின் பீரோ கண்ணாடியில் ஒட்டியிருக்கும். விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்கள் வருஷா வருஷம் விழும் குழிகளில் பெரியது அதுதான். பொய், குடி, ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போடுவது, இதெல்லாம் தப்பென்று எல்லாருக்கும் தெரியும். அவற்றை விடுவோம்.

அட்டையைப் பத்திரம் போல நினைப்பது

பென்னாகரம் பக்கம் ஒரு விவசாயி. கிணறு வற்றிக் கிடக்கிறது. கையில் வந்த அட்டையில் ஏசாயா 43:19: "அவாந்தரவெளியிலே ஆறுகளையும் உண்டாக்குவேன்." உடனே நகையை அடகு வைத்து போர்வெல் வண்டியைக் கூப்பிடுகிறார். ஆயிரம் அடி இறங்கியும் புகைதான் வருகிறது. வட்டி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "உனக்கு விசுவாசம் பத்தவில்லை" என்று சொல்ல நாலு பேர். அதற்குப் பிறகு அவர் சபைப் பக்கமே வருவதில்லை. என் எரிச்சல் அந்த நாலு பேர் மேல்தான். அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்தவர் அவர்களில் ஒருவரும் இருக்கமாட்டார்.

படித்தால் என்ன தெரியும்? 14ஆம் வசனத்தில் பாபிலோன் வருகிறது. 16, 17இல் செங்கடல் நினைவு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன இஸ்ரவேல் ஜனத்தைத் திரும்பக் கொண்டுவரும் வழியைப் பற்றிய பேச்சு அது. 22ஆம் வசனத்தில் அதே ஜனத்துக்குக் கண்டிப்பும் விழுகிறது. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

எதிர்பார்க்கும் முடிவைத் தருவேன் என்று சொல்லும் எரேமியா 29:11க்கும் இதே கதிதான். அதற்கு முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்கிறது. 5ஆம் வசனம், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்ன அனனியாவை, முந்தின அதிகாரமே பொய்த் தீர்க்கதரிசி என்கிறது.

அட்டை எடுப்பது தப்பில்லை. எடுத்த அன்றே அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். பேசுவது யார், யாரிடம், எந்த நெருக்கடியில், கேட்பவர் செய்ய வேண்டியது என்ன: நோட்டில் நாலு வரி எழுதினால் போதும். இந்த வசனம் தேவன் எப்படிப்பட்டவர் என்று காட்டுகிறது. உங்கள் நிலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்று காட்டாது. அதற்குப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஆழம் விசாரியுங்கள், நீரோட்டம் பாருங்கள், கடன் தவணையைக் கூட்டிப் பாருங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14:28இல் கேட்பவர் இயேசுதான்.

ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நிற்பது

பைபிளில் மொத்தம் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஒரு வருஷத்தில் முடியும். முதல் வருஷமே அதற்கு ஆசைப்பட வேண்டாம். மாற்குவில் 16 அதிகாரம், அப்போஸ்தலரில் 28 அதிகாரம். நாளுக்கு ஒன்றாக ஒன்றரை மாதம். லேவியராகமத்தில் வரும் பலிகளின் சட்டம், எபிரெயர் நிருபத்தைப் படித்த பிறகு விளங்கும்.

காலை ஐந்து மணிக்கு ஜெபம் என்று பொருத்தனை (நேர்ச்சை) செய்வது

ஓசூர் சிப்காட்டில் வாரம் ஒரு ஷிப்டு மாறும். நைட் ஷிப்டு வந்த முதல் வாரமே பொருத்தனை உடையும், குற்றவுணர்வு மிஞ்சும். மணியோடு கட்டாதீர்கள், எழுந்ததும் முதல் டீக்கு முன் என்று வையுங்கள். எந்த ஷிப்டிலும் டீ உண்டு.

கடன் வாங்கிக் காணிக்கை

வேண்டாம். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்கிறது 2 கொரிந்தியர் 8:12. மாந்தோப்புக்காரர் மாதாமாதம் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) தேட வேண்டாம், காய் விற்றபின் கணக்குப் பாருங்கள்.

உபவாசத்தில் சர்க்கரை மாத்திரை

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். போனை அணைத்து வையுங்கள், அதுவும் உபவாசம்தான்.

அம்மாவோடு சண்டை

மாரியம்மன் பண்டிகை நாளில் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவதை வைராக்கியம் என்று நினைக்கிறார்கள். 1 கொரிந்தியர் 10:27, 28 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம், சாமிக்குப் படைத்தது என்று சொன்னால் மட்டும் தவிர்க்க வேண்டும். அதையும், "அம்மா, இது மட்டும் வேண்டாம், ரசம் ஊத்துங்க" என்று உட்கார்ந்தபடியே சொல்லலாம்.