மத்தேயு 1-ஆம் அதிகாரம்: வம்ச அட்டவணையை வாசிப்பது எப்படி?

புதிய ஏற்பாட்டைத் திறந்ததும் வரிசையாகப் பெயர்கள். பெரும்பாலோர் இதைத் தாண்டி 18-ஆம் வசனத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் இயேசுவுக்கு வரும் பட்டங்களுக்கு மத்தேயு காட்டும் ஆதாரமே இந்தப் பட்டியல்தான். பத்திரப்பதிவில் தாய்ப்பத்திரம் கேட்பது போல. பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம், ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, ஒரு மணி நேரம் போதும்.

படி 1: முதல் வசனத்தைத் தனியாக எழுதுங்கள்

“ஆபிரகாமின் குமாரனாகிய தாவீதின் குமாரனான இயேசு கிறிஸ்து.” இதில் மூன்று பட்டங்கள் உண்டு. ‘கிறிஸ்து’ குடும்பப் பெயரோ இனிஷியலோ அல்ல. எபிரெயத்தில் ‘மேசியா’, அதாவது அபிஷேகம் பண்ணப்பட்டவர். ‘குமாரன்’ என்பதை நேர்ப்பிள்ளை என்று எடுத்தால் முதல் வரியிலேயே சறுக்கும். தாவீதுக்கும் இயேசுவுக்கும் இடையில் சுமார் ஆயிரம் ஆண்டு. இங்கே அந்தச் சொல்லுக்கு வழித்தோன்றல் என்று பொருள்.

படி 2: மூன்று பத்தி போடுங்கள்

ஆபிரகாம் முதல் தாவீது வரை, சாலொமோன் முதல் எகோனியா வரை, சலாத்தியேல் முதல் இயேசு வரை. எண்ணினால் 14, 14, 13 வரும். 17-ஆம் வசனமோ மூன்றும் பதினான்கு என்கிறது. நீங்கள் தப்பாக எண்ணவில்லை. தாவீதை இரண்டாம் பத்தியின் தலையிலும் வைத்து, யோசியாவோடு அதை முடித்து, எகோனியாவை மூன்றாம் பத்திக்கு இறக்கிப் பாருங்கள். 14, 14, 14 அமையும். இது ஒரு வழிதான், வேறு விளக்கங்களும் உண்டு. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு இருப்பதால், தாவீதின் பெயரைக் கூட்டினாலும் 4+6+4, பதினான்குதான். மத்தேயு அதை மனதில் வைத்தே அமைத்தார் என்பது பலருடைய கருத்து.

படி 3: 1 நாளாகமம் 3-ஐப் பக்கத்தில் வையுங்கள்

மத்தேயு 1:8-இல் “யோராம் உசியாவைப் பெற்றான்.” நாளாகமத்தில் யோராமுக்குப் பின் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூவர் வந்து, அதன் பிறகே அசரியா. அசரியாவும் உசியாவும் ஒருவரே. இது தெரியாமல் ஒரு தலைமுறையைக் கூட்டி எழுதிவிடுவது வழக்கமான பிழை. யோசியாவுக்கும் எகோனியாவுக்கும் நடுவில் யோயாக்கீமும் இல்லை. ஆகவே ‘பெற்றான்’ பாட்டனுக்கும் பூட்டனுக்கும்கூடச் செல்லும். பெயர்களுக்குச் சராசரி வயது போட்டு வருடக் கணக்கு பார்க்காதீர்கள்.

படி 4: நடை மாறும் இடங்களுக்கு இரண்டாம் நிறம்

6-ஆம் வசனத்தில் தாவீது மட்டும் ‘ராஜா’. அவருக்குப் பின் வரும் சாலொமோனும் எசேக்கியாவும் அரசர்களே, ஆனாலும் அந்தப் பட்டம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாமார், ராகாப், ரூத், பெயர் சொல்லாமல் ‘உரியாவின் மனைவியாயிருந்தவள்’ என நான்கு பெண்கள். ரூத் மோவாபியப் பெண், ராகாப் எரிகோக்காரி; இருவரும் இஸ்ரவேலர் அல்ல.

மிக முக்கியமான மாற்றம் 16-இல். அதுவரை ‘பெற்றான், பெற்றான்’ என்று வந்தது, யோசேப்பிடம் வந்ததும் நின்றுவிடுகிறது: “அவளிடத்தில் (மரியாளிடத்தில்) கிறிஸ்து என்னப்படுகிற இயேசு பிறந்தார்.” அப்படியானால் தாவீதின் வம்சம் இயேசுவுக்கு எப்படி வந்தது? கீழே 20, 25 வசனங்களைப் பாருங்கள். தேவதூதன் யோசேப்பையே ‘தாவீதின் குமாரனாகிய யோசேப்பே’ என்று அழைக்கிறான். யோசேப்பு பிள்ளைக்குப் பெயரிடுகிறார். பெயரிட்டுத் தன் பிள்ளையாக ஏற்பதால் வாரிசுரிமை வந்துவிடுகிறது.

படி 5: லூக்கா 3:23-38

இது கீழிருந்து மேலே, ஆதாம் வரை ஏறும். தாவீதுக்குப் பின் மத்தேயு சாலொமோன் வழியில் வர, லூக்கா நாத்தான் வழியைச் சொல்கிறார். யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. லூக்கா தருவது மரியாளின் வழி என்பது பலரும் சொல்லும் விளக்கம். ஆனால் வசனத்தில் மரியாள் பெயர் இல்லை. நோட்டில் அதைப் பென்சிலில் மட்டும் குறியுங்கள்.

படி 6: பட்டங்களைப் பிரித்தெழுதுங்கள்

‘தாவீதின் குமாரன்’ என்பதன் எதிரே 2 சாமுவேல் 7:12-16. எரிகோவில் பர்திமேயு கூப்பிட்டது இந்தப் பட்டத்தைத்தான். ‘மனுஷகுமாரன்’ வெறும் மனிதன் என்று ஒதுக்க வேண்டாம்: தானியேல் 7:13-இல் வானத்து மேகங்களுடனே வருகிறவர் அவர், மாற்கு 14:62-இல் பிரதான ஆசாரியன் முன் இயேசு பயன்படுத்துவதும் அதையே. எசேக்கியேலில் ‘மனுபுத்திரனே’ என்று வருவதோ தீர்க்கதரிசியை அழைப்பது. இரண்டையும் ஒரே பத்தியில் போடாதீர்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் தேடுபவர்கள் ‘மானிட மகன்’ என்று தேடுங்கள்.

கடைசியாக மாற்கு 12:35-37-ஐ வாசியுங்கள். தாவீதே கிறிஸ்துவை ‘ஆண்டவர்’ என்று சொல்லியிருக்க, அவர் தாவீதுக்குக் குமாரனாயிருப்பது எப்படி என்று இயேசுவே கேட்கிறார். உங்கள் அட்டவணையை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுதிப் பாருங்கள்.